சாம்பார் சாதத்தில் மாத்திரை: மனநலச் சிகிச்சை பற்றிக் கேள்வி பதில்

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளி, வீட்டார், டாக்டர், சட்டம், அரசு உதவி எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் என் வேலை. அதில் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எத்தனை மில்லிகிராம் போடலாம் என்று மட்டும் கேட்காதீர்கள், நான் டாக்டர் இல்லை. போடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மனசு விட்டுப் பேச ஆள் வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

ராம்நாடு பாய்: மாமாவை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகிறோம். அங்கே இருக்கும்போது மருந்தும் கொடுக்கலாமா? நம்பிக்கை கெட்டுவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

தாராளமாகக் கொடுக்கலாம். ஏர்வாடியிலேயே 'தவா–துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) என்று அரசுத் திட்டம் இருக்கிறது. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவர் பார்த்து மருந்து கொடுப்பார். துவாவும் நடக்கும், தவாவும் நடக்கும். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

ஒன்றே ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 95-ஆம் பிரிவு, எந்த வகையிலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. தங்குகிற இடத்தில் யார் காலிலாவது சங்கிலியோ கயிறோ கண்ணில் பட்டால், மாமாவை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

கணேஷ், ஓசூர்: மனச்சோர்வுக்கு மாத்திரை. ஆயுசு முழுக்கப் போடணுமா மேடம்?

வியாதியைப் பொறுத்தது. முதல் முறை வந்த மனச்சோர்வு என்றால், நன்றாக ஆன பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள், அப்புறம் படிப்படியாகக் குறைப்பார்கள். திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இன்னும் நீளும். இருதுருவ நோய் (பைபோலார்), மனச்சிதைவு (ஸ்கிஸோஃப்ரினியா) இரண்டுக்கும் கணக்கே வேறு. "எப்போது குறைக்கலாம், எப்படிக் குறைக்கலாம்" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பேர் வேண்டாம், திருச்சி: அக்கா, தம்பிக்கு மனச்சிதைவு. மாத்திரை என்றாலே எழுந்து போய்விடுகிறான். அம்மா பொடி பண்ணி சாம்பார் சாதத்தில் கலந்து கொடுக்கிறார்கள். ராத்திரி தூங்குகிறான், கத்துவது குறைந்திருக்கிறது. ஆனால் எனக்கு உறுத்துகிறது. இது தப்பா?

அம்மாவைத் திட்ட மாட்டேன். நான் பார்த்த வீடுகளில் பாதியில் இது நடந்திருக்கிறது. பூரிக்கட்டையால் நசுக்கிய பொடியைக் காகிதத்தில் மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள். மகன் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மாவுக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். தம்பி பாதித் தட்டில் எழுந்தால் பாதி மருந்துதான் உள்ளே போயிருக்கும். சில மாத்திரைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற மாதிரி செய்தவை, அவற்றை நசுக்கினால் மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பில் சேரும். லித்தியமோ குளோசபினோ என்றால் ரத்தப் பரிசோதனை கட்டாயம். ரத்தத்தை அவனுக்குத் தெரியாமல் எப்படி எடுப்பீர்கள்? காய்ச்சல் என்று அவன் வேறொரு டாக்டரிடம் போனால், என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்ற கேள்விக்கு "ஒன்றுமில்லை" என்பான். (லித்தியம் போடுகிறவர்கள் எல்லோருக்கும்: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். வாந்தி, பேதி, கடும் வியர்வையில் நீர் வற்றினாலும் அதே ஆபத்து.)

இதையெல்லாம் விடப் பெரியது ஒன்று இருக்கிறது. இந்த நோயில் பலருக்கு வரும் சந்தேகமே "சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்" என்பதுதான். நீங்கள் அதை நிஜமாக்கிவிடுகிறீர்கள். கை நடுங்குகிறது, எச்சில் வழிகிறது, உடம்பு விறைக்கிறது, காரணம் அவனுக்குத் தெரியாது. ஒரு நாள் தட்டின் ஓரத்தில் வெள்ளையாக எதையோ பார்ப்பான். அன்றிலிருந்து வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான், மூன்று வேளையும் பரோட்டாக் கடைதான். அப்புறம் எந்த டாக்டர் சொன்னாலும் நம்ப மாட்டான்.

சட்டம் என்ன சொல்கிறது? சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் எல்லோருக்கும் இருப்பதாகத்தான் மேலே சொன்ன 2017 சட்டத்தின் 4-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. திறன் இல்லாத அளவுக்கு முற்றி, தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றாகிவிட்டால் 89-ஆம் பிரிவு இருக்கிறது. நியமனப் பிரதிநிதி (நோயாளி தன் சார்பில் நியமித்தவர், நியமிக்காவிட்டால் பெரும்பாலும் வீட்டார்) விண்ணப்பிக்க, ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ ஒருவரும் தனித்தனியாகப் பரிசோதித்து, 30 நாள் வரை சேர்க்கலாம். 7 நாளுக்கு ஒரு முறை திறன் திரும்பியதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் ஒளிவுமறைவு இல்லாமல், பதிவேட்டில் ஏறி நடப்பது. சாம்பாரில் கலப்பதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

என்ன செய்யலாம்? ஏன் வேண்டாம் என்கிறான் என்று உட்கார்ந்து கேளுங்கள். நோய் என்ற பேச்சை எடுக்காதீர்கள், தூக்கம் வருகிறதா என்று ஆரம்பியுங்கள். பெரும்பாலும் காரணம் இருக்கும். உடம்பு பெருத்துவிட்டது, காலையில் எழ முடியவில்லை, ஆண்மை பற்றிய பயம் என்று ஏதாவது ஒன்று. அதை டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம். தினமும் மாத்திரை விழுங்குவதுதான் அவனுக்குப் பிரச்சினை என்றால், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசியும் இருக்கிறது. அதுவும் அவன் சம்மதத்தோடுதான். இப்போது கலப்பதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். முதலில் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள், எப்போது எப்படி அவனிடம் சொல்வது என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

மனநல மருத்துவர், மதுரை: மேடம், மரியாதையோடு மறுக்கிறேன். தேனி மலையடிவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற அம்மாவிடம் 89-ஆம் பிரிவு பேசி என்ன பயன்? படுக்கை காலி இல்லை. ஆளைக் கூட்டிவரவே முடியவில்லை. மூன்று வாரம் கலந்து கொடுத்த பிறகு தானாக நடந்து வந்து என் எதிரே உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். கலக்காவிட்டால் அவர்கள் தெருவில்தான் இருந்திருப்பார்கள்.

சரி சார், நீங்கள் சொல்கிற ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். என் கேள்வி அந்த மூன்று வாரம் முடிந்த மறுநாளைப் பற்றியது. நடந்து வந்து உட்கார்ந்தவரிடம் "இத்தனை நாள் கலந்து கொடுத்தோம்" என்று யார் சொன்னார்கள்? நீங்களா, அம்மாவா? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று வாரம் மூன்று வருடமாகும். ஆளைப் பார்க்காமலே சீட்டு எழுதிக் கொடுத்தது யார் என்ற கேள்வியும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மனநல மருத்துவர், மதுரை: கோபம் இல்லை. தெளிந்த பிறகு சொல்ல வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் மூன்று வாரத்தைத் தப்பு என்று சொல்லிக் குடும்பத்தைக் குற்றவாளியாக்க வேண்டாம்.

கோவை, பேர் சொல்லவில்லை: நடுவில் வருகிறேன். எனக்குக் கலந்து கொடுத்தார்கள். தயிர் சாதத்தில் ரோஸ் கலரில் ஒரு துணுக்கு தட்டுப்பட்டது. அம்மாவிடம் கேட்டேன், மாதுளை என்றார்கள். இப்போது நானே மாத்திரை போடுகிறேன், வேலைக்குப் போகிறேன். டாக்டர் சார் சொல்வது போல அந்த மருந்துதான் என்னைத் தெளியவைத்திருக்கலாம். ஆனால் இன்றைக்கும் என் மனைவி காபி கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். அவள் ஒன்றும் சொல்வதில்லை.

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? எழுதியதற்கு நன்றி தம்பி.

பேர் வேண்டாம், திருச்சி: உங்கள் எல்லோருக்கும் பேச ஈசி. போன மாசம் அம்மா மேல் அம்மிக் குழவியை ஓங்கினான். அந்த நேரத்தில் ஏன் வேண்டாம் என்கிறாய் என்று உட்கார்ந்து கேட்கணுமா?

இல்லைம்மா. அடி வாங்கிக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அந்த நேரத்தில் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், தேவையென்றால் போலீசையும். 94-ஆம் பிரிவின்படி, உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்தைத் தடுக்க, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் நியமனப் பிரதிநிதி இருந்தால் அவர் சம்மதத்தோடு அவசர சிகிச்சை தரலாம். அதிகபட்சம் 72 மணி நேரம். மனநல மருத்துவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குழவியை ஓங்கினான் என்பதே 89-ஆம் பிரிவில் விண்ணப்பிக்கப் போதுமான காரணம். திரும்ப ஒரு முறை நடக்கட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே அம்மாவும் நீங்களும் மட்டும் போய் டாக்டரைப் பாருங்கள், நடந்ததை எழுதி எடுத்துப் போங்கள்.

மனநல மருத்துவர், மதுரை: இதில் எனக்கும் மேடத்துக்கும் ஒரே கருத்துதான். ஆனால் படுக்கை கிடைக்குமா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பதில் என்னிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை சார். அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம், சாம்பாரில் கலந்து ஈடுகட்ட வேண்டாம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

விழுப்புரம் ஆசிரியை: தற்கொலைக்கு முயன்ற தங்கையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகுமா?

பயந்து தாமதிக்காதீர்கள். அதே 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே எடுத்துக்கொண்டு, வழக்கோ தண்டனையோ கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. மருத்துவமனையிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும், வந்து விசாரிப்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். காயம் ஆறியதும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாமல், மனநலப் பிரிவில் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சேலம் குமார்: மாத்திரை லைஃப் லாங்கா?

மேலே கணேஷுக்குச் சொன்னதுதான்.

ஒரு அப்பா: பையனுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பெண் வீட்டில் இப்போதே சொல்லணுமா?

சரியாகாது. சொல்லணும். சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் பையன், அந்தப் பெண்ணிடம், நிச்சயத்துக்கு முன்னால். மாத்திரையை ஒளித்து ஒளித்துப் போட முடியாமல் கல்யாணமான முதல் வாரமே நிறுத்தி, பத்தாவது வாரத்தில் வார்டில் வந்து சேர்ந்த மாப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெண்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ஐடி ஊழியர், சென்னை: ஆபீசில் கேட்டால் டாக்டர் சொல்லிவிடுவாரா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, ரகசியம் காக்க வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. 21(4), உடல் நோய்க்குத் தருவது போலவே காப்பீடு தர வேண்டும். பாலிசியில் காத்திருப்புக் காலம் என்ன என்று படித்துப் பாருங்கள்.

அம்பத்தூர் ரேவதி: அண்ணனுக்கு ஷாக் கொடுக்கணும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுக்காமல் செய்வது சட்டப்படியே தடை. அவை கொடுத்து, சம்மதம் வாங்கிச் செய்வது பலருக்கு நன்றாகக் கேட்கிறது. ஏன் தேவை, எத்தனை முறை, மறதி வருமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தூத்துக்குடி ஜான்: மாத்திரையை நிறுத்திவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறேன். லித்தியம். மூட்டு வலிக்கு மட்டும் ஏதோ போடுகிறேன்.

ஜான், முதல் பத்தியையும் சாம்பார் பதிலில் அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் படியுங்கள். படித்துவிட்டு நாளைக்கே உங்கள் டாக்டரிடம் போங்கள்.

செல்லம்மாள் பேத்தி: பையன் செல்போனை விடமாட்டேன் என்கிறான்.

என் துறை இல்லை. குழந்தை மனநல மருத்துவரிடம் கேளுங்கள்.

வாணியம்பாடி: தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோமா? ஆயுசு முழுக்க...

மூன்றாவது முறை. மேலே. அல்பிரசோலம், குளோனசெபாம் மாதிரி மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டால் பழக்கமாகும், உண்மை. மனச்சோர்வு மாத்திரை அந்த ரகம் இல்லை. இரண்டையுமே சட்டென்று நிறுத்தக் கூடாது.

பேர் வேண்டாம், திருச்சி: அக்கா, தனியார் டாக்டருக்குப் பணம் இல்லை. பக்கத்தில் எங்கே போவது?

மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருவார். கிழமை ஊருக்கு ஊர் மாறும், ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் கேளுங்கள். மருந்தும் இலவசம். பழைய சீட்டு, மாத்திரை அட்டை, அம்மா எவ்வளவு கலந்தார் என்ற கணக்கு மூன்றையும் எடுத்துப் போங்கள். டாக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நோய் குறையாமல் நீடித்தால், 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் தம்பி நேரில் வர வேண்டியிருக்கும், அவனிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.