மூலிகை டீ குடித்தால் அது அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேருமா?

சேரும். தாராளமாகச் சேரும்.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் போனில் டம்ளர் டம்ளராகக் குறித்துவைக்கிற ஆள் என்று தோன்றுகிறது. காலையில் துளசி, சாயங்காலம் செம்பருத்தி, அதைக் குறிப்பதா விடுவதா என்று குழப்பம். குறியுங்கள். அந்த டம்ளரில் இருப்பது ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர்தான். காஃபின் உள்ளதைக் குடித்தால் குடித்ததெல்லாம் சிறுநீராகப் போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. துளசி, சுக்கு, மல்லி, செம்பருத்தி எதிலும் காஃபினே கிடையாது. காபிக்கே அந்தப் பேச்சு நிற்கவில்லை. காபி குடித்துப் பழகிய ஆண்களுக்கு நாளுக்கு நாலு கப் கொடுத்துப் பார்த்த பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வு 2014இல் வந்தது. வெறும் தண்ணீர் குடித்த நாட்களோடு ஒப்பிட்டால் உடம்பின் நீர்ச்சத்தில் வித்தியாசம் இல்லை.

ஒரு நாளைக்கு உடம்புக்குள் போகவேண்டிய நீர் என்று அமெரிக்காவில் 2004இல் அறிவித்த அளவு பெண்களுக்கு 2.7 லிட்டர், ஆண்களுக்கு 3.7 லிட்டர். அதற்குள்ளேயே டீ, காபி, பால், சோறு, காய்கறியில் இருக்கிற நீர் எல்லாம் அடக்கம். இந்த 'அடக்கம்' என்பதை விட்டுவிட்டு லிட்டரை மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்குப் பாம்பன் பக்கம். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். விடியும்முன் வத்தையில், அதாவது சின்னப் படகில், ஏறித் தீவுப்பக்கம் போய், விரலுக்கு விரல் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, கடலடிப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியை மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பறிக்க வேண்டும். நாள் முழுக்க உடம்பு தண்ணீருக்குள், வாய்க்குள் உப்பு. வத்தையில் கொண்டுபோகிற ஒரு கேன் தண்ணீர் எல்லாருக்கும் பொது. கரைக்கு வந்ததும் அம்மாவுக்கு முதலில் வேண்டியது பெரிய செம்பு நிறையச் சுக்குமல்லித் தண்ணிதான். ராத்திரி சாப்பிட்டு முடித்து இன்னொரு செம்பு.

ஒரு கோடையில் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்தது. டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மருந்து சரியான மருந்துதான், அதில் குறை சொல்ல மாட்டேன். வெளியே உட்கார்ந்து சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுத்தவர்தான், "டீ, காபி, கசாயம் எதுவும் கணக்குல வராதும்மா. பச்சத்தண்ணி மூணு லிட்டர் குடிக்கணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அம்மா படித்தவர்கள் சொன்னால் தட்டமாட்டார். அன்றோடு செம்பு நின்றது.

பச்சைத்தண்ணி எங்கே குடிப்பது? குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராத நாளில் டிராக்டர் தண்ணீர். அது லேசாகக் கரிக்கும், வெயிலில் நின்ற டேங்கின் வாடையும் சேர்ந்துவிட்டால் வாயில் வைக்க விளங்காது. அம்மா ரெண்டு மடக்குக் குடித்து வைத்துவிடுவார். மூன்று லிட்டர் வரவும் இல்லை, முன்பு உள்ளே போய்க்கொண்டிருந்த ரெண்டு செம்பும் போச்சு. கடுப்பு திரும்பி வந்தது. இரண்டாம் முறை பார்த்த டாக்டரம்மா, "அதுவும் தண்ணிதானேம்மா, யாரு நிறுத்தச் சொன்னா? கருப்பட்டிய மட்டும் கொறச்சுப் போடுங்க" என்றார். டம்ளரை எண்ண வேண்டாம், சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றும் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் சுக்குத் தட்டினார்.

இதைப் படித்துவிட்டு, சுக்குமல்லி நோயைத் தீர்க்கும் என்கிறாயா என்று யாரும் கேட்க வேண்டாம். நான் வைத்தியர் இல்லை. நீர்க்கடுப்பு மருந்தில்தான் போனது. கொதிக்க வைத்தால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும் என்றும் சொல்லவில்லை; உப்பு அப்படியே இருக்கும், வற்ற வற்ற இன்னும் கூடும். கரிக்கிற தண்ணீரையும் ஒரு மனுஷி வயிறு நிறையக் குடிக்க சுக்கும் மல்லியும் வழி செய்கின்றன, அவ்வளவுதான் சொல்கிறேன். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்களுக்கு இந்த டீயும் அதே அளவுக்குள்தான் வரவேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை, விழிப்புணர்வு இல்லை என்று எங்கள் பக்கம் வந்து பேசாதவர்கள் இல்லை. வத்தையில் ஆண்களோடு நாள் முழுக்க இருக்கிறவள் எங்கே ஒதுங்குவாள்? கருவாடு காயப்போடுகிற மணலில் மறைவு உண்டா? மீன் இறக்குகிற இடத்தில் கட்டிய கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். அங்கே வேலை செய்கிற பெண்கள் தாகத்தை அடக்குவது தெரியாமல் இல்லை, வேறு வழியில்லாமல். கூட்டம் போட்டுத் தண்ணீர் பாட்டில் கொடுக்கிறவர்கள் முதலில் அந்தப் பூட்டைத் திறக்கட்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்த மூலிகை என்று நீங்கள் எழுதவில்லை. உடம்பு இளைக்க என்று விற்கிற பொட்டலமாக இருந்தால் பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். நிலாவரை சேர்ந்திருந்தால் அது பேதிக்கான சரக்கு, குடித்த தண்ணீரோடு உடம்பில் இருப்பதையும் சேர்த்து வெளியேற்றும்; அதைக் கணக்கில் எழுதாதீர்கள். அதிமதுரம் தினமும் நிறையக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். துளசி, சுக்கு, மல்லி, சீரகம் என்றால் யோசிக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், சர்க்கரையை மட்டும் பார்த்துப் போடுங்கள்.