வாசகர் கேள்வி: யூரிப்பிடீஸ் நாடகங்கள்

கே: பண்டைக் கிரேக்க நாடக ஆசிரியர் யூரிப்பிடீஸ் சுமார் 90 நாடகங்கள் எழுதியதாகப் படித்தேன். 19 மட்டும் தப்பியது எப்படி? சில புத்தகங்கள் 18 என்கின்றனவே?
- ஒரு வாசகர், தேவிபட்டினம்

ப: ‘ரீசஸ்’ என்ற நாடகம் அவர் எழுதியதா என்பதில் சந்தேகம் உண்டு. அதைத் தள்ளினால் 18.

இவை இரண்டு வழிகளில் தப்பின. பத்து நாடகங்கள் பள்ளிப்பாடமாகத் திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டன; ‘மீடியா’ அதில் ஒன்று. மற்ற ஒன்பதும் தப்பியது அதிர்ஷ்டம்தான். தலைப்பின் அகரவரிசையில் அடுக்கிய முழுத்தொகுப்பின் ஒரு பகுதி மட்டும் எப்படியோ பிழைத்தது. அதனால்தான் ஹெலன், எலெக்ட்ரா, அயோன், சைக்ளோப்ஸ் என எல்லாமே கிரேக்கத்தில் எப்சிலன் முதல் கப்பா வரையிலான எழுத்துகளில் தொடங்குகின்றன. நல்லது கெட்டது பார்த்து யாரும் பொறுக்கவில்லை என்பதால், அவருடைய சராசரித் தரத்தை அறிய இந்த ஒன்பதே மேல்.

தொலைந்தவற்றின் துண்டுகள் எகிப்தின் வறண்ட மணலில் கிடைக்கின்றன. ‘ஹிப்சிபிலி’ துண்டுகள் 1908-ல் அச்சாயின. 2022-ல் கிடைத்த ஒரு பாப்பிரஸில் (நாணல் வகைச் செடியிலிருந்து செய்த பழங்காலத் தாளில்) ‘இனோ’, ‘பாலிஐடஸ்’ நாடகங்களின் ஏறத்தாழ நூறு வரிகள் இருந்தன. உங்கள் பக்கத்து அழகன்குளத்தில் ரோமானியப் பானை ஓடு கிடைக்கலாம், பாப்பிரஸ் கிடைக்காது. உப்புக்காற்றும் ஈரமும் கரையானும் விடாது. நம் ஏடுகளே படியெடுத்துப் படியெடுத்துத்தானே வந்தன!

ஒரு எச்சரிக்கை: பழைய மேற்கோள் தொகுப்புகளில் தனியாக நிற்கும் வரிகளை அவருடைய சொந்தக் கருத்தாக எடுத்துவிடாதீர்கள். அது நாடகத்தில் வில்லன் பேசியதாகவும் இருக்கலாம்.