தெருப்பூனைக்குக் கருத்தடை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

குளச்சலில் மீன் இறங்கும் கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. அங்குள்ள பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடுகிறோம். பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சோறு வைப்பதை நிறுத்தினால் தானே போய்விடாதா அக்கா? (முட்டம்)

கரையில் சாளைத் தலையும் குடலும் கிடக்கும்வரை எங்கே போகும்? தூரத்தில் கொண்டு விட்டாலும் காலியான இடத்துக்கு வேறு பூனை வரும். குளிர்நாடுகளில் பகல் நீளும் மாதங்களில்தான் பூனை பருவத்துக்கு வரும். நம் ஊரில் பகல் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் குட்டிகளுக்கும் ஓய்வில்லை. சினை 9 வாரம். பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். 4, 5 மாதக் குட்டியே சினையாகிவிடும். அதனால் பெட்டைகளை முதலில் பிடியுங்கள்.

கூண்டைப் பார்த்தாலே ஓடுகிறது. (தக்கலை)

நீங்கள் அவசரப்படுகிறீர்கள். முதலில் ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சாப்பாடு வையுங்கள். அப்புறம் கூண்டின் கதவைக் கட்டித் திறந்துவைத்து, சாப்பாட்டை நாளுக்கு நாள் உள்ளே தள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் நாள் உறுதியான பிறகுதான் கதவுக் கட்டை அவிழ்க்க வேண்டும். அன்று வழக்கமான சாப்பாடு கிடையாது. கூண்டுக்குள் பொரித்த சாளைத் துண்டு ஒன்று போதும். கதவு விழுந்ததும் கூண்டைப் பழைய சாரத்தால் (லுங்கியால்) மூடுங்கள், இருட்டானால் அடங்கிவிடும். மயக்க மருந்துக்காக எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை டாக்டரிடம் கேளுங்கள். குட்டிகளுக்கு அந்த நேரம் குறைவு.

பிடிக்கும் முன் முலைக்காம்பைப் பாருங்கள். ஒரு முறை நான் பார்க்காமல் ஒரு தாயைப் பிடித்துவிட்டேன். வயிற்று மயிர் நனைந்து ஒட்டியிருந்ததைக் கவனித்ததும் திறந்துவிட்டேன். அது நேரே பழைய வள்ளத்துக்கு அடியில் ஓடியது, அங்கே மூன்று குட்டிகள். குட்டிகள் தானாகத் தின்னத் தொடங்கிய பிறகு அதைப் பிடித்தோம்.

காது நுனியை வெட்டுவது பாவம் இல்லையா? (நாகர்கோவில்)

மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டுவதால் வலி தெரியாது. அந்த அடையாளம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் யாரோ அதே பூனையைப் பிடித்து மறுபடி வயிற்றைக் கிழிக்கக் கூடும். எது பாவம்?

முடிந்த உடனே விட்டுவிடலாமா? (மார்த்தாண்டம்)

கூடாது. கடுவனை ஒரு நாள், பெட்டையை 2, 3 நாளாவது வைத்திருங்கள். மழை கொட்டினால் இன்னும் ஒரு நாள். நமக்குத்தான் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை! வலிக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். தையலில் டெட்டாலும் வேண்டாம்.

கீறிவிட்டது, சின்னக் கீறல்தான். (மண்டைக்காடு)

சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கடுவன் வாசலில் மூத்திரம் அடித்து நாறடிக்கிறது. (இரணியல்)

அதையும் பிடியுங்கள். அறுவைக்குப் பிறகு சில வாரங்களில் நாற்றமும் இரவுச் சண்டையும் குறையும். அதுவரை வாசலைக் கழுவத்தான் வேண்டும்.