அண்ணாச்சி பதில்கள்: மாடிக் கோலியும் மூணு வேட்பாளர்களும்

? 2026 ஜனவரி மும்பை மாநகராட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு எங்கள் சந்துக்கு இதுவரை மூன்று வேட்பாளர்கள் வந்துவிட்டார்கள். மூவருமே "வீடு வாங்கித் தருவது என் பொறுப்பு" என்கிறார்கள். நாங்கள் 2004-ல் வாங்கிய மாடிக் கோலியில் (குடிசையின் மாடி அறை) இருக்கிறோம். யாரை நம்பி ஓட்டுப் போடுவது அண்ணாச்சி?
- ஒரு வாசகி, 90 அடி ரோடு, தாராவி

வீட்டு விஷயத்துல மூணு பேரையும் நம்பாதீங்க தாயி. குடிசைக்காரங்களுக்கு மாற்று வீடு தர்ற எஸ்.ஆர்.ஏ. 1995-ல வந்தது, மாநில அரசோடது, தலைவர் முதலமைச்சர். வீட்டு வாரியமான மாடாவோட குலுக்கல் வீடும் மாநிலம்தான், தாராவியை இடிச்சுக் கட்டுற திட்டமும் மாநிலம்தான். பாந்திராவுல இருக்கிற அந்த மாநில ஆபீசுல போடுற கையெழுத்தை, தாதர்ல இருக்கிற மாநகராட்சி வார்டு ஆபீசுக்குப் போய்வர்ற நகர்சேவகர் (மாநகராட்சி உறுப்பினர்) அழிச்சு எழுத முடியாது.

தாராவித் திட்டத்துல உங்க கணக்கைச் சொல்லிடுறேன், கசப்பாத்தான் இருக்கும். 2000 ஜனவரி 1-க்கு முந்தின தரைக் கோலிக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். அதுக்கப்புறம் 2011 வரைக்கும் வந்த தரைக் கோலிக்காரங்க இரண்டரை லட்சம் கட்டணும், கிடைக்கிறது தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. மாடிக்காரங்களுக்கும் வெளியேதான், மாசாமாசம் வாடகை கட்டி, பிறகு சொந்தமாக்கிக்கிற முறை. வேட்பாளர் யாராவது இந்த மூணு வரியை உங்ககிட்ட சொன்னாரா? கரண்ட் பில், கோலி வாங்கின பேப்பர், ரேஷன் கார்டு எல்லாத்தையும் ஒரே பையில போட்டு, மழைத்தண்ணி படாத இடத்துல வைங்க. ஒரிஜினலை எந்தக் கட்சி ஆபீசுலயும் குடுத்துடாதீங்க. 2005 ஜூலை 26 வெள்ளத்துல என் பேப்பர் பூரா கூழாப் போச்சு. நகல் வாங்க நான் அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

எங்க சந்துக்கும் வந்தாங்க. முதலாவது தம்பி, "ஜெயிச்சா சின்ன வீட்டுக்கெல்லாம் வீட்டு வரி ரத்து"ன்னார். "2022-லேயே மும்பையில 500 சதுர அடி வரைக்கும் வரி இல்லையே தம்பி"ன்னேன். பக்கத்துல கொடி பிடிச்ச பையனைத் திரும்பிப் பார்த்தார், அவன் வானத்தைப் பார்த்தான். ரெண்டாமவர் 350-ஐ 500 ஆக்கித் தர்றேன்னார். எழுதிக் குடுங்கன்னதும் அவருக்கு போன் வந்துடுச்சு. மூணாவதா வந்த அம்மா மட்டும், "வீடு என் கையில இல்ல. கக்கூஸ், நாலா (சாக்கடைக் கால்வாய்), குப்பை, தண்ணி கேளுங்க"ன்னாங்க. சரின்னு, பொதுக் கக்கூசுக்குப் போற வழியில ராத்திரி லைட் எரியறதில்லைன்னு சொன்னேன், நோட்டுல எழுதிக்கிட்டாங்க. எழுதினாங்கன்னுதான் சொல்றேன், எரியும்னு சொல்லலை.

அவங்களுக்குக் கொஞ்சம் கோபம் வர்ற மாதிரி இன்னொண்ணும் கேட்டேன். "மாடிக்காரங்களை வெளியே அனுப்புறப்போ பிள்ளைங்க பள்ளிக்கூடம் என்ன ஆகும்? மாநகராட்சி தமிழ்ப் பள்ளி அங்கே இருக்குமா?" பள்ளிக்கூடம் மாநகராட்சி கையிலதானே இருக்கு. பதில் வரலை. உங்க சந்துக்கு வந்தா நீங்களும் அதையே கேளுங்க, ரெண்டு பேர் கேட்டா யோசிப்பாங்க.

? நாலு வருஷமா நகர்சேவகரே இல்லாமல் மும்பை ஓடியதே, இப்போது எதற்கு?
- ஒரு வாசகர், சயான் கோலிவாடா

ஓடுச்சு, நாலாவும் ஓடுச்சு, நேரா எங்க வீட்டுக்குள்ள. 2022 மார்ச்சுல பழைய மாநகராட்சி சபை முடிஞ்சுது. இடஒதுக்கீடு, வார்டு எல்லைன்னு வழக்கு இழுத்ததுல 227 வார்டுக்கும் ஆள் இல்ல, கமிஷனரே நிர்வாகி. நாலா அடைச்சா யார் வாசல்ல போய்க் கத்துறதுன்னு தெரியாமலே நாலு மழைக்காலம் போச்சு. 2026 ஜனவரி 15 ஓட்டுக்கு அப்புறம் கத்துறதுக்காவது ஒரு வாசல் இருக்கும்.

? தமிழில் ஓட்டுக் கேட்கிறவருக்கே போட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், மாட்டுங்கா லேபர் கேம்ப்

"வணக்கம், நல்லா இருக்கீங்களா"ன்னு ரெண்டு வார்த்தையை எல்லாக் கட்சியும் மனப்பாடம் பண்ணியாச்சு. மூணாவது வார்த்தைக்குக் காத்திருங்க.