வாசகர் கேள்விகள்: அரசியல் அறிவியல் படித்து என்ன பயன்?

என் மகள் அரசியல் அறிவியல் முதலாம் ஆண்டு படிக்கிறாள். எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு நாட்டின் அரசியலமைப்புப் பிரிவுகளை மனப்பாடம் செய்துகொண்டே இருக்கிறாள். விவரம் தெரிந்தவளாக இருக்க, தினமும் பேப்பர் படித்தால் போதாதா? – ஒரு வாசகி

பேப்பர் கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் என்ன நடந்தது என்பதைத்தான் அது சொல்லும். அதைச் செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டா, தடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதெல்லாம் பெரும்பாலும் செய்தியில் இருக்காது. அதைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இந்தப் படிப்பில் வருகிறது. மனப்பாடத்தில் எனக்கும் நம்பிக்கை இல்லை. பல வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். ஒரு பிரிவை மட்டும் தனியாகப் படித்தால் ஒன்றும் புரியாது, பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் படிக்க வேண்டும்.

வகுப்பில் நான் வழக்கமாக எடுப்பது ஜெர்மனியின் 1919 வைமார் அரசியலமைப்பு. பொது ஒழுங்குக்கு ஆபத்து வந்தால் குடியரசுத் தலைவர் அவசர நடவடிக்கை எடுக்கலாம், சில அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கலாம் என்றது அதன் 48-வது பிரிவு. படித்ததுமே பிள்ளைகள் பதறுவார்கள். மேலே படியுங்கள் என்பேன். கடிவாளமும் அதிலேயே இருக்கிறது: எடுத்த நடவடிக்கையை உடனே நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும், நாடாளுமன்றம் கேட்டால் ரத்து செய்ய வேண்டும். சரி, பயமில்லை என்று தோன்றும். அப்புறம் 25-வது பிரிவைப் புரட்டச் சொல்வேன். அந்த நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரமும் அதே குடியரசுத் தலைவரிடம்!

1930 ஜூலையில் நடந்தது இதுதான். அரசின் தலைவராக இருந்த புரூனிங்கின் நிதித் திட்டத்தை நாடாளுமன்றம் நிராகரித்தது. அதையே அவசர ஆணையாகப் போட்டார்கள். ஆணையை ரத்து செய்யச் சொல்லி ஜூலை 18 அன்று நாடாளுமன்றம் வாக்களித்தது. அன்றைக்கே குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அதைக் கலைத்துவிட்டார். செப்டம்பரில் நடந்த தேர்தலில் ஹிட்லரின் கட்சி 12 இடங்களிலிருந்து 107-க்குத் தாவியது. 1933 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றிய மறுநாள், இதே 48-ஐக் காட்டித்தான் பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். இந்த வரலாற்றைப் படித்த பிள்ளை 'அவசரச் சட்டம்' என்ற தலைப்பைச் சும்மா கடந்து போகாது. எத்தனை நாளுக்கு, யார் ஒப்புதலோடு என்று உள்ளே தேடும்.

அடுத்த முறை உங்கள் மகள் ஒரு பிரிவை ஒப்பிக்கும்போது, "இதை மீறினால் யார் கேட்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இன்னொரு பிரிவில் இருக்கும். சில சமயம் எங்குமே இருக்காது. அப்படி இல்லாத இடத்தை அவளாகவே கண்டுபிடித்தால், என்னைப் பொறுத்தவரை முதல் மதிப்பெண் அதற்குத்தான்.

அரசு ஆவணங்களைச் சாதாரண மக்கள் கேட்டு வாங்கிப் பார்ப்பது இந்தக் காலத்து யோசனைதானே? – ஒரு வாசகர்

இல்லை. ஸ்வீடன் 1766-லேயே சட்டம் போட்டுவிட்டது.

நான் வேறு பாடம் படிக்கிறேன். அரசைப் பற்றி ஒரே ஒரு விஷயம் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது. எதைச் சொல்வீர்கள்? – கல்லூரி மாணவர் ஒருவர்

ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது என்பதை. அறிமுகம், குழுவின் ஆய்வு, விவாதம், வாக்கெடுப்பு, சில நாடுகளில் இரண்டாவது அவை, பிறகு நாட்டுத் தலைவரின் ஒப்புதல், கடைசியாக அமலுக்கு வரும் தேதி. 'புதிய சட்டம் வருகிறது' என்று படித்தால், இதில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். இப்போதுதான் அறிமுகமான மசோதாவைச் சட்டமாகிவிட்டது என்று நினைத்துப் பலர் கொதிக்கிறார்கள். நிறைவேறிய பிறகு விழித்துக்கொள்பவர்களும் உண்டு. குழுவின் கையில் இருக்கும்போதுதான் வாசகங்களை மாற்ற நல்ல வாய்ப்பு. நியூசிலாந்து போன்ற நாடுகளில் நாடாளுமன்றக் குழுக்கள் பொதுமக்களிடமே எழுத்துமூலமாகக் கருத்துக் கேட்கின்றன. உங்கள் நாட்டில் அப்படி அழைப்பு வந்தால் கடைசித் தேதியைப் பார்த்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும், எந்த உட்பிரிவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று அதன் எண்ணை மறக்காமல் குறிப்பிடுங்கள்.