வாசகர் கேள்வி – பதில்: தாலிக்கு முன் வரும் வீட்டுச் சாவி

கேள்வி: நான் எழுதிவரும் காதல் நாவலின் நாயகி ஒரு பொறியாளர். சிட்னியில் ஈராண்டுப் பணி வாய்ப்பு வரும் வேளையில், இரு வீட்டாரும் திருமணத்துக்கு நாள் குறிக்கச் சொல்கிறார்கள். கைப்பிரதியைப் படித்த தோழிகள், தந்தை வெறும் வில்லனாக நிற்கிறார் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: தோழிகள் சொல்வது சரியென்றே நினைக்கிறேன். தந்தை மறுப்பதும் மகள் அழுவதும் எந்த ஊரிலும் நடக்கும். சிங்கப்பூரிலோ காதலர்களை முதலில் நெருக்குவது பெரும்பாலும் வீடுதான். மணமாகுமுன் பிடிஓ வீட்டுக்கு, அதாவது முன்பதிவின்பேரில் அரசு கட்டித்தரும் அடுக்குமாடி வீட்டுக்கு, விண்ணப்பித்த இணையர், சாவி பெற்ற 3 மாதங்களுக்குள் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். பிறகு குறைந்தது 5 ஆண்டுகள், வசதியான இடங்களில் அமையும் பிளஸ் அல்லது பிரைம் வகையென்றால் 10 ஆண்டுகள், அங்கே குடியிருந்தாக வேண்டும். இருவருமே சிட்னிக்குப் போய்விட்டால் வீடு பூட்டிக்கிடக்கும் காலம் அக்கணக்கில் சேராது.

இதனால் பலர் பதிவுத் திருமணத்தை முன்னதாக முடித்துக்கொண்டு, தாலி கட்டும் சடங்கைப் பல மாதங்கள் கழித்து வைத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி மனைவி, அம்மாவின் கண்ணுக்கோ இன்னும் மணமாகாத மகள் என்னும் அந்த இடைக்காலத்தில் உங்கள் நாயகியை நிறுத்திப்பாருங்கள். அவன் வீட்டில் ஓர் இரவு தங்கலாமா என்ற பேச்சே ஓர் அத்தியாயத்துக்குப் போதும்.

தந்தைக்கு வருவோம். துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்டி, படி படி என்று மகளை விரட்டியவர் அவர்தானே? அந்தப் படிப்பே அவளைக் கடல்தாண்டி அழைக்கும்போது அவருக்கு எழும் பெருமையையும் அச்சத்தையும் ஒரே காட்சியில் எழுதினால், அவர் வில்லனாக இருக்க முடியாது.

கேள்வி: நாயகி வேலையை விடாமலே கதை முடிந்தால் வாசகர்கள் ஏற்பார்களா?
— அதே வாசகி

பதில்: ஏற்பார்கள், அவளுடைய வேலையை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தால். காதலனைச் சந்திக்கும் இடமாக மட்டுமே அலுவலகம் வரும் நாவல்களில், நாயகி அதைத் துறந்தாலும் துறக்காவிட்டாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ரயில் சுரங்கப் பணியிடத்தில் அவள் இரவுப்பணி பார்ப்பதையும், தன் கணக்கு சரியாக வந்த மகிழ்ச்சியில் விடிகாலைப் பேருந்தில் வீடு திரும்புவதையும் எழுதுங்கள். விட்டுக்கொடுப்பது அத்தனையையும் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, அதையே காதலின் வெற்றி என்று முடிக்கும் கதைகள் எனக்கு உடன்பாடானவை அல்ல. ஈராண்டு காத்திருக்கிறேன் என்று காதலன் அவளிடம் சொல்வது எளிது. அதைத் தன் அம்மாவிடம் அவன் எப்படிச் சொல்கிறான் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.