சலமாங்காவில் ஐந்து மாதம்: யாரோடு தங்குவது?

கேள்வி: அக்கா, நான் சென்னையில் பி.ஏ. வரலாறு படிக்கிறேன். ஸ்பானிஷில் பி1 என்ற நடுத்தர நிலை வரை முடித்திருக்கிறேன். கல்லூரிப் பரிமாற்றத் திட்டத்தில் எனக்கும் இரண்டு தோழிகளுக்கும் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ஸ்பெயினில் சலமாங்காவில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மூன்று பேரும் ஒரே வீடு எடுத்துத் தங்கலாம், சனி ஞாயிறில் பாரிஸ், ரோம், பிராக் என்று சுற்றிவிடலாம் என்று அவர்கள் பட்டியலே போட்டுவிட்டார்கள். அப்பாவோ, "அது என்ன கேள்விப்படாத ஊர், மாட்ரிட் என்றாலாவது நம்ம ஆட்கள் இருப்பார்கள்" என்கிறார். வகுப்பெல்லாம் ஸ்பானிஷில்தானாம். நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். போகலாமா? எங்கே தங்குவது? குக்கர் எடுத்துப் போகலாமா? (பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: போ. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு தோழிகளோடு ஒரே வீட்டில் தங்காதே, பாரிஸ் ரோம் பட்டியலையும் பாதிக்கு மேல் கிழித்துப் போடு. இதைப் படித்துவிட்டு அவர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

நானும் அந்த ஊரில் ஒரு செமஸ்டர் இருந்தவள்தான். பதினான்கு வருடம் ஆகிறது. என்னோடு வந்த பெண்ணும் நானும் ஒரே அறையில் தங்கினோம். காலையில் சேர்ந்து கிளம்புவோம், வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம், சாயங்காலம் சோறு வடிப்போம், வீட்டுக்கு வீடியோவில் பேசிவிட்டுப் படுப்போம். ஒன்றரை மாதம் போன பிறகு ஒருநாள் ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று முழுக்க நான் வாயைத் திறந்து பேசிய ஸ்பானிஷ் மூன்றே மூன்று: வணக்கம், பை வேண்டாம், நன்றி. மூன்றும் சூப்பர்மார்க்கெட் கல்லாவில். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது. (சண்டையெல்லாம் இல்லை, அவள் இன்றைக்கும் என் தோழிதான்.)

அப்புறம் இரண்டு ஸ்பானிஷ் பெண்கள் இருந்த வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது என்று பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன். முதல் ராத்திரி அடுப்படியில் அவர்கள் இரண்டு பேருக்கும் தகராறு. உருளைக்கிழங்கு முட்டை தோர்த்தியாவில் வெங்காயம் போடலாமா கூடாதா என்று! அந்த நாட்டில் இது ஒரு ஓயாத வழக்கு, வீட்டுக்கு வீடு கட்சி உண்டு. அரை மணி நேரம் கத்திவிட்டு என்னை நடுவர் ஆக்கினார்கள். எனக்குத் தெரிந்த உடைசல் ஸ்பானிஷில், எல்லா வினைச்சொல்லையும் நிகழ்காலத்திலேயே போட்டு, வெங்காயத்துக்காக வாதாடினேன். என் ஸ்பானிஷ் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

ஆகவே தேடவேண்டியது அதுதான். அங்கே மாணவர்கள் பங்கு போட்டுத் தங்கும் வீட்டை 'பிசோ' என்பார்கள். ஊரே மாணவர்களை நம்பி இருப்பதால் ஐந்து மாதத்துக்கு மட்டும் அறை கேட்டாலும் யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை, முதல் செமஸ்டர் முடித்துப் போனவர்களின் அறைகள் ஜனவரி கடைசியில் காலியாகும். இங்கிருந்தே போட்டோ பார்த்து முன்பணம் அனுப்பிவிடாதே. "நான் இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது எழுதினால் அது ஏமாற்று வேலை, அதோடு விட்டுவிடு. முதல் ஒரு வாரத்துக்கு ஏதாவது விடுதியில் படுக்கை போட்டுக்கொண்டு நேரில் போய்ப் பார். பார்க்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி வாடகை பற்றியல்ல, அறையைச் சூடாக்கும் செலவு வாடகைக்குள் அடங்குமா என்பது. ஸ்பெயின் என்றதும் எல்லோருக்கும் கடற்கரை ஞாபகம் வருகிறது, இந்த ஊரோ கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரத்தில், மேட்டு நிலத்தில் இருக்கிறது. பிப்ரவரி ராத்திரிகளில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். சென்னை உடம்பு, சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கு வருவோம். கேள்விப்படாத ஊர் என்கிறாரே, வரலாறு படிக்கிற நீயாவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? லியோன் அரசன் ஒன்பதாம் அல்ஃபோன்சோ 1218-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. ஸ்பெயினில் இன்றும் நடக்கிற பல்கலைக்கழகங்களில் அதுதான் மூத்தது. கொலம்பஸ் கப்பல் ஏறிய அதே 1492-ல், நெப்ரிஹா என்ற அறிஞர் எழுதிய காஸ்தில்ய மொழி (அதாவது ஸ்பானிஷ்) இலக்கணம் இந்த ஊரில்தான் அச்சாகி வந்தது. ஊரின் ஜனத்தொகை ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. எங்கிருந்து எங்கே போவதற்கும் நடைதான், இருபத்தைந்து நிமிடம் என்றால் அதுவே தூரம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பிளாசா மயோர் சதுக்கத்தில் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளையோடு உலாத்திக்கொண்டிருப்பார்கள். மாட்ரிட்டில் நீ தனி ஆளாக மெட்ரோவில் போய்வருவதைவிட இது அவருக்கு நிம்மதி. "நம்ம ஆட்கள்" இருப்பதுதான் பாதுகாப்பு என்று அவர் நினைப்பது புரிகிறது, ஆனால் ராத்திரி காய்ச்சல் வந்தால் மாட்ரிட்டில் இருக்கிற நம்ம ஆள் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும், பக்கத்து அறைப் பெண் மூன்று நிமிடத்தில் வருவாள்.

விசா விஷயத்தில் ஒன்றே ஒன்று. படிப்பு 180 நாளுக்குள் முடிகிறதா என்பதைக் கடிதத்தில் தேதியோடு பார்த்துக்கொள், தாண்டினால் போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், அங்கே போய் அடையாள அட்டை என்று பேப்பர் கூடிக்கொண்டே போகும். மற்றதெல்லாம் கல்லூரி அலுவலகத்தில் கேள்.

இப்போது அந்தப் பட்டியல். சலமாங்காவிலிருந்து பாரிஸுக்கு நேராக விமானம் பிடித்துவிடலாம் என்று உன் தோழிகள் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. விமானம் மாட்ரிட்டிலிருந்துதான். அதற்கு வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பைப் பாதியில் விட்டு 200 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய், ராத்திரி விமானம் ஏறி, நடுநிசியில் போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை ஒருநாள் ஐஃபில் கோபுரத்தடியில் வரிசையில் நின்றுவிட்டு, ஞாயிறு அதே வழியில் திரும்பி வந்தால் திங்கள் காலை வகுப்பில் தலை தொங்கும். இப்படி எட்டு வாரம் போனால் கையில் போட்டோ இருக்கும், ஊரில் ஒருத்தருக்கும் உன் பெயர் தெரிந்திருக்காது. சிநேகிதம் எல்லாம் அங்கே சனி ஞாயிறில்தான் உண்டாகிறது. "வாயேன்" என்று அவர்கள் கூப்பிடுவது சனிக்கிழமை சாயங்காலம், நீ அப்போது ஏதோ விமான நிலையத்தில் ஸாண்ட்விச் தின்றுகொண்டிருப்பாய்.

மூன்று பயணம் வைத்துக்கொள், போதும். ஈஸ்டர் விடுமுறையில் ஒரு நீண்ட பயணம். மற்ற இரண்டும் பக்கத்தில், பஸ்ஸிலேயே போய்வரும் தூரத்தில்: கோட்டைச் சுவர் அப்படியே நிற்கிற ஆவிலா, அதைவிட அமைதியான சமோரா. மீதி வாரங்களுக்கு ஊரே போதும். யாரையாவது சந்திப்பதென்றால் "கடிகாரத்துக்குக் கீழே" என்பார்கள், எந்தக் கடிகாரம் என்று கேட்டு அசடு வழியாதே, பிளாசா மயோரில் நகர மன்றத்தின் மேல் இருக்கிற ஒன்றுதான். கட்டடங்கள் எல்லாம் பக்கத்து வில்யமயோர் ஊர்க் கல். வெட்டி எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், சிற்பிக்கு வசதி. அதில் உள்ள இரும்பு காற்றுப்பட்டுப் பட்டு மஞ்சள் ஏறும். சாயங்காலம் ஏழரைக்கு மேல் அந்தச் சுவர்களைப் பார், நான் வர்ணிக்கப் போவதில்லை. பிப்ரவரி ஆரம்பத்தில் செங்கால் நாரைகள் தெற்கிலிருந்து திரும்பி வந்து மணிக்கோபுரங்களில் பழைய கூட்டையே சரிசெய்துகொள்ளும், அலகை அலகால் தட்டி ஒரு சத்தம் எழுப்பும், யாரோ மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி. நீ போய் இறங்குவதும் ஏறக்குறைய அதே வாரத்தில்தான்.

ஈஸ்டர் முடிந்து அடுத்த வாரத்துத் திங்கட்கிழமையை மட்டும் எதற்காகவும் விட்டுவிடாதே. அதற்குப் பெயர் 'தண்ணீர்த் திங்கள்'. ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப் காலத்தில் தவக்காலத்தில் ஊரின் விலைமாதர்களை தோர்மெஸ் ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம், நோன்பு முடிந்ததும் மாணவர்கள் ஒயினும் பலகாரமும் எடுத்துக்கொண்டு போய்ப் படகில் அழைத்து வருவார்களாம். கதை இப்படி, இன்றைக்கோ பாட்டி முதல் பேத்தி வரை குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரைப் புல்லில் துணி விரித்து உட்கார்ந்து சாப்பிடுகிற நாள், நம் ஊர் ஆடிப்பெருக்கு மாதிரி. கூட்டிப் போக ஆள் இருந்தால்தான் அதில் ருசி. என்னை வீட்டில் கூட இருந்த பெண் அவளுடைய அத்தை குடும்பத்தோடு உட்கார வைத்தாள். அந்த அத்தை என் கையில் ஒரு துண்டு 'ஒர்னாத்தோ'வைத் திணித்தார், உள்ளே மூன்று வகைப் பன்றி இறைச்சியும் அவித்த முட்டையும் வைத்துச் சுட்டது. நானும் உன்னைப் போல முட்டை மட்டும்தான். மேல் ரொட்டியையும் முட்டையையும் கிள்ளித் தின்றதைப் பார்த்து, பாவம் இந்தப் பெண்ணுக்குப் பல்வலி என்று முடிவுகட்டிவிட்டார்.

சாப்பாடு அங்கே உனக்குக் கஷ்டம்தான், மழுப்ப மாட்டேன். "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று சொன்னால் அவர்கள் காதில் மாட்டிறைச்சி வேண்டாம் என்றுதான் விழுகிறது. பச்சை பீன்ஸ் கேட்டால் மேலே ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை) துணுக்கு தூவி வரும், அது இறைச்சிக் கணக்கிலேயே வராது. பருப்பு கேட்டால் அதில் சொரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். கலவை சாலட் என்று கேட்டால் நடுவில் சூரை மீன் இருக்கும். அதனால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்கப் பழகிக்கொள்: இறைச்சி வேண்டாம், ஹமோன் வேண்டாம், மீன் வேண்டாம், சூரையும் வேண்டாம். தோர்த்தியா உனக்குக் கைகொடுக்கும், எந்த பாரிலும் கிடைக்கும். மதியச் சாப்பாடு இரண்டரைக்கு, ராத்திரி ஒன்பதரைக்கு. பன்னிரண்டரைக்கு நம் வயிறு கூவும்போது சமையலறையே திறந்திருக்காது, பையில் எப்போதும் ஏதாவது வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடு.

வகுப்பு. முதல் மூன்று வாரம் பாதிகூடப் புரியாது, பயந்து பாடத்தை மாற்றாதே. நாலாவது வாரத்தில் காது திறந்துகொள்ளும். உச்சரிப்பில் ஆங்கிலேயர்களைவிட நமக்கு வசதி அதிகம், ஸ்பானிஷில் 'ஆனால்' என்ற சொல்லுக்கும் (பெரோ) 'நாய்' என்ற சொல்லுக்கும் (பெர்ரோ) ஒற்றை ரகரம், இழுத்து உருட்டும் ரகரம் என்ற ஒரே வித்தியாசம்தான், சின்ன வயதில் ர, ற சொல்லித் தந்த டீச்சருக்கு மனசுக்குள் நன்றி சொல். ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அதுவும் 'நீ' போட்டு. முதல் நாள் பேராசிரியை உள்ளே நுழைந்ததும் நான் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றேன். நான் வெளியே போகப்போகிறேன் என்று நினைத்து அவர் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர்களுக்கு வாரத்தில் சில மணி நேரம் மாணவர்களைச் சந்திக்க என்றே ஒதுக்கியிருக்கும், முதல் வாரமே போய் "நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன், மொழி இன்னும் கைவரவில்லை" என்று சொல்லிவிடு. மார்க் பத்துக்கு, ஐந்து எடுத்தால் பாஸ். எந்தப் பாடத்துக்கு இங்கே எத்தனை கிரெடிட் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கையெழுத்தோடு வாங்கிக்கொள். அங்கே போய்ப் பாடம் மாற்றினால் அன்றைக்கே மெயில் போடு. நான் போடவில்லை, திரும்பி வந்து ஒரு பேப்பரை மறுபடி எழுதினேன்.

பல்கலைக்கழக முகப்புச் சிற்பங்களுக்கு நடுவே ஒரு மண்டை ஓட்டின் மேல் குட்டித் தவளை உட்கார்ந்திருக்கும். யாரும் காட்டாமல் தானாகக் கண்டுபிடிப்பவர் பரீட்சையில் பாஸ் என்று ஐதீகம். எங்கே என்று நான் சொல்ல மாட்டேன், இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டால் கணக்கில் வராது.

தோழிகளிடம் வீட்டு விஷயத்தை இந்த வாரமே சொல்லிவிடு, அங்கே போய் இறங்கிய பிறகு சொன்னால் மனஸ்தாபம் ஆகும். ஒரே ஊர், பத்து நிமிட நடை, வாரம் ஒருநாள் மூன்று பேரும் சேர்ந்து சாம்பார் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குக் குக்கர் வேண்டுமே. எடுத்துப் போ, இரண்டு லிட்டர் போதும். அங்கே நிறைய வீடுகளில் கண்ணாடி மேல்தட்டு மின் அடுப்புதான். அதில் அலுமினியக் குக்கர் ஓடும், ஆனால் சில வீடுகளில் இருப்பது இண்டக்‌ஷன், அதற்கு அடியில் காந்தம் ஒட்டுகிற ஸ்டீல் குக்கர்தான் ஆகும். எது வாய்க்கும் என்று இப்போது தெரியாது என்பதால் ஸ்டீலே வாங்கிவிடு. விசில் அடிக்கும் என்று வீட்டில் இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லி வை. நான் சொல்லவில்லை, பக்கத்து அறைப் பெண் ஈரத் தலையில் துண்டோடு இரண்டு மாடி இறங்கி ஓடியிருந்தாள், தெருவுக்குப் போய்த்தான் கூட்டி வந்தேன்.